செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: சிங்காநல்லூர் மில் லைன் குடியிருப்பு, கோவை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், காலையிலேயே வந்து மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்துவிட்ட பெரியவர்களுக்கும், முதல்முறையாக உறுப்பினர்களாக வந்து உட்கார்ந்திருக்கும் வாடகை வீட்டுக் குடும்பங்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

முதலில் மறைந்தவர்கள். இந்த ஆண்டு ஒன்பது பேரை இழந்தோம். அதில் ஏழு பேர் மில்லில் வேலை பார்த்தவர்கள். பெயர்கள் வாசல் பலகையில் எழுதப்பட்டிருக்கின்றன. அறிக்கை முடிந்ததும் எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

இந்த ஏழு என்ற எண்ணைத்தான் செயற்குழு இந்த ஆண்டு திரும்பத் திரும்பப் பேசியது. நமது பழைய துணைவிதியின்படி, மில்லில் வேலை பார்த்தவரோ அவருடைய வாரிசோ மட்டுமே உறுப்பினராக முடிந்தது. மில்லில் வேலை பார்த்தவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். வாரிசுகளில் பாதிப் பேர் சரவணம்பட்டிப் பக்கம் போய்விட்டார்கள், மீதியில் சிலர் பெங்களூரில் இருக்கிறார்கள். லைனில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் வாடகைக்குத்தான் ஆள் இருக்கிறார்கள். சங்கத்தின் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள், சங்கம் போட்ட விளக்கில் நடக்கிறார்கள், ஆனால் பிப்ரவரி வரை சங்கத்தில் இல்லை. அப்படியே விட்டிருந்தால் இன்னும் பதினைந்து வருடத்தில் செயலாளர் எழுந்து அறிக்கை படிக்கும்போது கேட்க பொருளாளர் மட்டும் இருப்பார். அவரும் அறிக்கை நீளம் என்று குறை சொல்வார்.

புதிய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1888இல் ஸ்டேன்ஸ் மில் இந்த ஊரின் முதல் பஞ்சாலையாகத் தொடங்கியது. 1930களில் நீலகிரியிலிருந்து பைகாரா மின்சாரம் வந்து சேர்ந்ததும் அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு என்று மில்கள் வரிசையாக எழுந்தன. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கினோம். கம்போடியா என்று ஒரு நாடு இருப்பது எனக்குப் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது. அதுவரை எனக்கு அது ஒரு பருத்தி ரகம், அப்புறம் ஒண்டிப்புதூரில் ஒரு மில். மில்லுக்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் கூரை வேண்டும் என்று கட்டப்பட்டவைதான் இந்த லைன் வீடுகள். ஒரு அறை, ஒரு சமையல் திண்ணை, பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ். மூன்று ஷிப்ட். மில் சங்கு ஊதினால் லைன் முழுக்க ஒரே நேரத்தில் அடுப்பு பற்றும். எந்த வீட்டிலும் கடிகாரம் கிடையாது, யாருக்கும் அது தேவைப்படவில்லை.

நமது மில் மூடி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கோவையில் அரசு தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கீழ் வைத்திருந்த ஐந்து மில்களும் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை. கம்போடியா, பங்கஜா, முருகன், ரங்கவிலாஸ், அப்புறம் அந்த 1888ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் மில். ஊரடங்கு முடிந்தும் அவை பழையபடி ஓடவில்லை. கோவையில் தொழில் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பம்ப் ஓடுகிறது, கிரைண்டர் ஓடுகிறது, பவுண்டரிகள் ராத்திரியிலும் எரிகின்றன. சங்கு ஊதி ஒரு தெருவையே எழுப்புகிற மில்தான் இல்லை.

சரி, இந்த ஆண்டுக்கு வருகிறேன். துணைவிதியை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை போன பொதுக்குழுவிலேயே வந்தது. எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது, மறைப்பதற்கில்லை. வாடகைக்கு வருபவர் பதினோரு மாதத்தில் போய்விடுவார், அவருக்கு ஓட்டு எதற்கு என்பது என் வாதம். என் மனது மாறியதற்கு நவம்பர் முகாம்தான் காரணம்.

மில் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பி.எஃப். பென்ஷனில் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று ஆனது. இன்றும் அதே 1,000 ரூபாய்தான். அதை வாங்கவும் வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும் என்று விதியை எப்போதோ தளர்த்திவிட்டார்கள். ஆனால் நம்மவர்களுக்கு நவம்பர் என்றால் நவம்பர்தான். வரிசையில் நின்றால்தான் அவர்களுக்குத் திருப்தி.

சிக்கல் விரலில் வந்தது. முப்பது வருடம் ஸ்பின்னிங்கில் அறுந்த நூலைப் பிடித்துப் பிடித்து முறுக்கிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? வயதும் சேர்ந்துகொண்டது. விரல் ரேகை பார்க்கும் கருவியில் வைத்தால் சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தால் சிவப்பு. தேங்காய் எண்ணெய் தடவி வைத்தாலும் சிவப்பு. ஒரு பெரியவர் ஒரு சேவை மையத்துக்கு நான்கு முறை ஆட்டோவில் போய்த் திரும்பினார். ஆட்டோவுக்கு 480 ரூபாய் கொடுத்தார், பாதிப் பென்ஷன் அதிலேயே போயிற்று. கடைசி முறை அங்கிருந்தவர், "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு மிஷின் ஒத்துக்க மாட்டேங்குதுங்க" என்றாராம். பெரியவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காவது லைனில் வாடகைக்கு இருக்கும் மூன்று கல்லூரிப் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு, கைபேசியில் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கலாம் என்றார்கள். பி.எஃப். பென்ஷனுக்கு அந்த வசதி 2022இலிருந்தே இருக்கிறது. நமக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. படிப்பகத்தில் மேசை போட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார்கள். 58 பேருக்குச் சான்று எடுத்தார்கள். முகம் பதிவதற்குக் கண்ணை இமைக்க வேண்டும். ஒரு பாட்டி இமைக்கவே மாட்டேன் என்று பத்து நிமிடம் போனையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகள் பொறுமையாக, "அம்மிணி, ஒருக்கா கண்ணடிங்க" என்றதும் படிப்பகமே சிரித்தது. பாட்டியும் சிரித்தார், இமையும் அடித்தது. படுக்கையில் இருந்த ஆறு பேருக்கு வீட்டுக்கே போய் எடுத்தார்கள். நாம் கொடுத்தது டீயும் வடையும் மட்டும். இந்தப் பிள்ளைகளுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரியில் முறைப்படி முன்னறிவிப்பு கொடுத்து சிறப்புப் பொதுக்குழு கூட்டினோம். மூன்று மணி நேரம் சத்தம். எதிர்த்தவர்களின் பயத்தையும் இங்கே பதிவு செய்கிறேன், அதில் நியாயம் இருக்கிறது. மில் நிலுவைத் தொகை வழக்கு நடக்கும்போது சங்கத்தில் மில்லுக்குச் சம்பந்தமில்லாதவர்கள் பெருகிவிட்டால் வழக்கை யார் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று கேட்டார்கள். அதற்காக வழக்குக்கென்று தனிக்குழு அமைத்து, அதில் மில் குடும்பங்கள் மட்டுமே இருப்பது என்று முடிவானது.

கூட்டத்தைத் திருப்பியது மில்லில் நூலைச் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை பார்த்த அக்கா ஒருவரின் பேச்சு. அவர் வழக்கமாகப் பேச மாட்டார். எழுந்து நின்று சொன்னார்: "எங்கய்யன் மழை தண்ணி இல்லாம பொள்ளாச்சிப் பக்கமிருந்து பொட்டியத் தூக்கிட்டு வந்தாருங்க. அன்னைக்கு இந்த ஊர்க்காரங்க நம்மள மில்லுக்காரங்கன்னு ஒதுக்கித்தான் வெச்சாங்க. கெணத்துல தண்ணி எடுக்க விடல. இப்ப நாம கெணத்துக்காரங்க ஆயிட்டமா?" அப்புறம் உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் 131க்கு 27 என்று நிறைவேறியது. லைனில் ஓராண்டு தொடர்ந்து குடியிருக்கும் எவரும் இனி உறுப்பினராகலாம். பதிவுத்துறையில் தாக்கல் செய்துவிட்டோம். மார்ச் முடிய 43 வாடகை வீடுகள் சேர்ந்திருக்கின்றன. பவுண்டரியில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் தம்பிகளின் நான்கு வீடுகளும் அதில் அடக்கம்.

அந்த நான்கு வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. குப்பை பிரிப்பதில் அவர்கள் மேல் வந்த புகார்களை நேரில் போய்ப் பார்த்தேன். பச்சைத் தொட்டி எது, நீலத் தொட்டி எது என்று தமிழில் எழுதி ஒட்டிவிட்டு, தமிழ் படிக்கத் தெரியாதவர் பிரிக்கவில்லை என்று புகார் எழுதியிருக்கிறோம். இப்போது காய்கறித் தோலும் பாட்டிலும் படமாக வரைந்து ஒட்டியாயிற்று. புகார் குறைந்திருக்கிறது. நம் வீடுகளின் மேல் வந்த புகார்கள் குறையவில்லை.

ஆயுத பூஜையை அக்டோபர் 11 அன்று பழைய முறைப்படி கொண்டாடினோம். மில் ஓடிய காலத்தில் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பெண்டு பிள்ளைகள் கேட்டைத் தாண்டி உள்ளே போகலாம். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள், கை நிறையப் பொரி கிடைக்கும். அப்பா எந்த மெஷினில் நிற்கிறார் என்று அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். இந்த முறை மெஷினுக்கு எங்கே போவது? அவரவர் பிழைப்புக்கு உதவும் பொருளை மைதானத்துக்குக் கொண்டுவரச் சொன்னோம். தையல் மெஷின், கிரைண்டர், உணவு கொண்டுபோகும் தம்பிகளின் பைக், இரண்டு மடிக்கணினி, ஒரு இஸ்திரிப் பெட்டி வந்தன. மடிக்கணினிக்குப் பொட்டு வைக்கலாமா என்று உரிமையாளரே கொஞ்சம் யோசித்தார். வைத்தாயிற்று. பொரி மட்டும் போதவில்லை. அடுத்த ஆண்டு இரண்டு மூட்டை கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 8 அன்று வழக்கம்போல சின்னியம்பாளையம் போனோம். ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946இல் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டதன் நினைவு நாள் அது. வேனில் பதினாறு பேர். போன வருடம் வந்தவர்களில் மூவர் இன்று இல்லை. இந்த முறை புதிதாக வந்தவர்களில் ஒரு பள்ளி மாணவி, நான்கு பேரையும் எதற்காகத் தூக்கில் போட்டார்கள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். வேனில் இருந்த பெரியவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள், அவர்களுக்குள்ளேயே தகராறு வந்தது. ஆகவே அவர்கள் சொல்வதையெல்லாம் ஒலிப்பதிவு செய்து வைப்பது என்று படிப்பகக் குழு முடிவு செய்திருக்கிறது. சொல்லும் நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து தள்ளிப்போடாமல் வாருங்கள்.

படிப்பகத்துக்கு ஓடு மாற்றியாகிவிட்டது. இரண்டு தமிழ் நாளிதழும் ஒரு ஆங்கில நாளிதழும் வருகின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ராத்திரி பத்து மணி வரை இருக்கிறார்கள். சீட்டு விளையாடும் குழுவினர் திண்ணைக்கு மாறிக்கொண்டதற்கு நன்றி.

சாக்கடை வேலை பாதியில் நிற்கிறது. ஐந்து மனு கொடுத்திருக்கிறோம். நிலுவைத் தொகை வழக்கில் இந்த ஆண்டும் வாய்தாதான். மார்புச் சளிப் பரிசோதனை முகாமில் 40 பேர் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சுத் தூசியில் வேலை பார்த்தவர்கள் மூச்சிரைப்பை வயசுக்கோளாறு என்று விட்டுவிடாமல், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் இத்தனை வருடம் இருந்தேன் என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாமல் அவருக்குத் தெரியாது.

அவிநாசி ரோட்டில் லட்சுமி மில் வளாகத்தின் பழைய கட்டடங்களில் இப்போது கடைகளும் உணவகங்களும் நடக்கின்றன. நமது மில்லின் மிச்சச் சுவரையும் அப்படி ஏதாவது செய்யக்கூடாதா என்று இளைஞர்கள் கேட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். கட்டடத்தை இடிக்காமல் வைத்திருப்பது நல்ல விஷயம்தான். ஒரு காபி குடித்தேன், விலையை வீட்டில் சொல்லவில்லை. நமது சுவர் இருக்கும் இடம் நமக்குச் சொந்தமில்லை என்பதால் இந்தக் கோரிக்கையைக் குறிப்பில் மட்டும் ஏற்றியிருக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஒன்றை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். சமுதாயக் கூடத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் 11 குறைகின்றன. ஒரு காதுகுத்துக்குப் போனவை திரும்பவில்லை. யார் வீட்டுக் காதுகுத்து என்று எல்லோருக்கும் தெரியும், அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் நம் நாற்காலியில்தான். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து வைத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

புதிய துணைவிதியின்படி செயற்குழுவில் இரண்டு இடம் வாடகைக் குடியிருப்போருக்கு. வேட்புமனு படிவம் வாசலில் இருக்கும் மேசையில் கிடைக்கும். கூட்டம் முடிந்ததும் அரிசிம்பருப்பு சாதம் இருக்கிறது, பாத்திரம் கொண்டுவந்தவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் வாங்கிப் போகலாம்.

இப்போது மறைந்த ஒன்பது பேருக்காக எழுந்து நிற்போம்.

இப்படிக்கு,
செயலாளர்