விமானம் ஏறும் முன் வேண்டும் உத்தரவு: மூன்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்கள்; வேலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். குடும்ப வழக்குகளில் தாய்மார்களுக்கு மனு எழுதிக் கொடுத்தும், நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் உடன் சென்றும் வருகிறவர்கள் நாங்கள். தந்தை பிள்ளைகளைத் தாய்க்குத் தெரியாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடும் வழக்குகளைப் பற்றி மட்டுமே இந்த மடல். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், குடியாத்தம் என்று வளைகுடாவில் வேலை பார்ப்போர் நிறைய உள்ள ஊர்கள் நம்முடையவை. ஆகவே இது எங்கோ டெல்லியில் நடக்கிற சங்கதி அல்ல.

அழுதுகொண்டு வரும் தாய்க்கு மகளிர் காவல் நிலையங்களில் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "அப்பன்தானேம்மா கூட்டிட்டுப் போயிருக்காரு, ரெண்டு நாள்ல வந்துடுவாரு" என்பதுதான். பிறகு ஒரு சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) போட்டுக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் மூன்று மணி நேரப் பயணம். வாணியம்பாடிக்காரருக்குப் பெங்களூரும் தூரமில்லை. வளைகுடாவுக்கு நள்ளிரவிலும் விடியற்காலையிலும் விமானம் உண்டு. சாயங்காலம் சி.எஸ்.ஆர். வாங்கிய தாயின் பிள்ளை மறுநாள் காலை துபாயில் இருக்கலாம்.

காவலர்கள் சொல்வதில் சட்டப்படி ஓரளவு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையை இயற்கைக் காப்பாளர் என்கிறது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களில், முஸ்லிம் சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபி முறைப்படி மகன் ஏழு வயது வரையிலும் மகள் பருவமடையும் வரையிலும் தாயின் பராமரிப்பில் இருக்க வேண்டும். இருந்தும், நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாத நிலையில் பெற்ற தகப்பன் மேல் பாரதிய நியாய சன்ஹிதா 137-இன்படி ஆள்கடத்தல் வழக்கு எளிதில் நிற்காது. கைது செய்யத்தக்க குற்றம் இல்லாவிட்டால் லுக்அவுட் நோட்டீஸ் (விமான நிலையக் குடியேற்றப் பிரிவுக்கு அனுப்பும் கண்காணிப்பு அறிவிப்பு) போட்டும் பயனில்லை. அப்படிப்பட்ட நோட்டீஸில் ஆள் வந்தார், போனார் என்று தகவல் தரலாமே தவிர, பயணத்தைத் தடுக்கக் கூடாது என்பது உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல்.

அதனால் எல்லாமே ஒரு நீதிமன்ற உத்தரவில்தான் தொங்குகிறது. அதை ஒரே நாளில் வாங்க முடியும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் 21-ஆம் பிரிவு குழந்தையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடவும், 23-ஆம் பிரிவு எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடவும் குற்றவியல் நடுவருக்கு அதிகாரம் தருகின்றன. குடும்ப நீதிமன்றம் என்றால் இடைக்கால உத்தரவுக்கு 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் 12-ஆம் பிரிவு இருக்கிறது. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டம் சொல்கிறது. காவல் நிலையத்துக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் நடுவே உள்ள தொலைவை அந்தத் தாய் தனியாக, வழி விசாரித்து விசாரித்துக் கடக்க வேண்டியிருக்கிறது. பொழுது அங்கேதான் போகிறது. பணியில் இருக்கும் ஆய்வாளர் ஆணைக்குழுவுக்கும் குடும்ப வன்முறைச் சட்டப்படி உள்ள மாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்கும் உடனே போன் செய்ய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்.

உத்தரவின் வாசகத்தில்தான் அடுத்த கோளாறு. "குழந்தையின் இடைக்காலப் பொறுப்பு மனுதாரருக்கு" என்று மட்டும் எழுதிய உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு குடியேற்ற அதிகாரி ஒன்றும் செய்ய முடியாது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் இந்தக் குழந்தையை இந்தியாவுக்கு வெளியே கொண்டு செல்லக் கூடாது. பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். உத்தரவைக் குடியேற்றப் பிரிவுக்கும் சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலருக்கும் அனுப்ப வேண்டும். இந்த மூன்றும் மனுவின் வேண்டுதலிலேயே இருக்க வேண்டும். கேட்காததை நீதிபதி தர மாட்டார். சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் நாட்களில் பிள்ளை போய்விடும் என்பதால், நீதிமன்றமே மின்னஞ்சலில் அனுப்பும்படி சேர்த்துக் கேட்பது நல்லது.

லுக்அவுட் படிவத்தில் கண்காணிப்பாளர் நிலையிலாவது ஓர் அதிகாரி கையெழுத்திட வேண்டும். தந்தைக்கு ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே ஒன்று. தந்தையின் பெயரை மட்டும் போட்டுவிட்டால் பிள்ளையைச் சித்தப்பாவோ அத்தையோ கூட்டிக்கொண்டு போவார்கள். பெயர் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பள்ளிப் பதிவிலும் ஆதாரிலும் பிள்ளைக்கு முன்னெழுத்து மட்டுமே இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த முன்னெழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்து குடும்பப்பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், சில சமயம் ஓர் ஆங்கில எழுத்து கூடியோ குறைந்தோ. ஆதாரைப் பார்த்துப் படிவத்தை நிரப்பினால் விமான நிலையக் கணினியில் பெயர் பொருந்தாமல் போகலாம். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். தாயிடம் நகல் இல்லையென்றால் பழைய விசா, விமானச் சீட்டு, மருத்துவக் காப்பீட்டுத் தாள் எதிலாவது எண் இருக்கும். அங்கே தேடச் சொல்லுங்கள்.

பிள்ளை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு அலுவலகங்களுக்கு வாடை தெரிந்துவிடும். ஒன்று பள்ளி. வளைகுடாப் பள்ளிகள் பல, கல்வி அலுவலரின் மேலொப்பம் பெற்ற மாற்றுச் சான்றிதழைக் கேட்கின்றன. படிப்பாண்டு நடுவில் தந்தை மட்டும் வந்து டி.சி. கேட்டு, மேலொப்பத்துக்கும் அலைகிறார் என்றால், தாய்க்கு ஒரு வார்த்தை சொல்லத் தலைமையாசிரியருக்குத் தடையேதும் இல்லை. மற்றொன்று பாஸ்போர்ட் அலுவலகம். சிறுவருக்கான பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழி இணைப்பு டி. ஒருவர் சம்மதம் இல்லாதபோது மற்றவர் தனியாகத் தருவது இணைப்பு சி. பிரச்சினை தொடங்கிய உடனே தாய், வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, தன் சம்மதமின்றிப் பாஸ்போர்ட் வழங்க வேண்டாம் என்று மண்டல பாஸ்போர்ட் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் எழுதி வைக்க வேண்டும்.

இனி, பிள்ளைகள் போய்ச் சேர்ந்துவிட்ட தாய்மார்கள். வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் இவர்கள்தான்.

வேறு நாட்டுக்குக் கடத்தப்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-இல் 218-ஆவது அறிக்கையில் சொன்னது. 2016-இல் 263-ஆவது அறிக்கையில் அதற்கான மசோதாவையும் அலசியது. நாடு இன்னும் வெளியேதான் நிற்கிறது. அமீரகம், சவூதி, குவைத், கத்தார், மலேசியா ஆகியவையும் அதில் இல்லை. ஆகவே நம் நீதிமன்ற உத்தரவைக் காட்டியதும் அந்த நாடு பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடும் என்று எந்தத் தாய்க்கும் நம்பிக்கை கொடுக்காதீர்கள். அது பொய்யான ஆறுதல்.

செய்யக்கூடியவை வேறு. பிள்ளை வழக்கமாக வசித்த இடம் எதுவோ அங்கே வழக்கு என்கிறது காப்பாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. போன உடனே இங்கே மனுப் போட வேண்டும். ஓரிரண்டு வருடம் கழித்துப் போட்டால், "பிள்ளை இப்போது அங்கேதான் வசிக்கிறது" என்ற வாதம் எழும். ஆற்காட்டுத் தாயை வேலூருக்கும் ராணிப்பேட்டைக்குமாக எல்லை சொல்லி அலையவிடுவதும் கூடாது. எந்த நிலையத்திலும் புகாரை ஏற்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்னும் குறைதீர் இணையதளத்தில் புகார் பதிந்தால் தூதரகத்துக்குப் போகும். அந்தப் புகார் எண் பின்னால் எல்லா இடத்திலும் உதவும். தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தில் இத்தகைய வழக்குகளுக்கென்றே சமரசப் பிரிவு உண்டு. பிள்ளை எந்த நாட்டில் என்றே தெரியாவிட்டால் காணாமல் போனோரைத் தேடுவதற்கான இன்டர்போலின் மஞ்சள் நோட்டீஸ் கேட்கலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய, சிபிஐயின் பாரத்போல் இணையதளம் அந்தக் கோரிக்கை சிபிஐக்குப் போகும் வழியைச் சுருக்கியிருக்கிறது.

தந்தையின் பாஸ்போர்ட்டை முடக்கச் சொல்லித்தான் எல்லாரும் முதலில் யோசனை சொல்வார்கள். எங்கள் கருத்து வேறு. வளைகுடாவில் பிள்ளையின் குடியிருப்பு விசா பெரும்பாலும் தந்தையின் விசாவைப் பற்றி நிற்கிறது. அவருடைய பாஸ்போர்ட் செத்தால் பிள்ளையும் சட்டவிரோதமாகத் தங்கியவராகி, பள்ளிப் படிப்பும் கெடலாம். முதலில் சமரசம், அடுத்து அங்குள்ள நீதிமன்றம், அதற்குப் பிறகுதான் இது. அமீரகத்தில் முஸ்லிம் அல்லாதாருக்கு 2023 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டம், பிரிந்த பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. அங்கே வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்ப அப்போஸ்டில் (ஆவணத்தைப் பல நாடுகளில் செல்லச் செய்யும் சான்று) முத்திரை போதாது, அமீரகம் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லை. நோட்டரி, மாநில அரசு, வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்று வாங்கி, அரபு மொழிபெயர்ப்பும் வைக்க வேண்டும். விசிட் விசாவில் போய்ப் பிள்ளையை ரகசியமாகத் தூக்கி வந்துவிடலாம் என்று உறவினர் சொன்னால் கேட்க வேண்டாம். பிள்ளைக்குப் பயணத் தடை வாங்கப்பட்டிருந்தால் தாய்தான் அங்கே மாட்டிக்கொள்வார்.

வீடியோ அழைப்புக்கான உத்தரவுகளை இன்னும் கவனமாக எழுத வேண்டும். வெவ்வேறு நாட்டில் பெற்றோர் இருந்தால் பிள்ளையுடன் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பேச வழி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. "தினமும் இரவு 8 மணிக்கு வாட்ஸ்அப்பில்" என்று உத்தரவு வாங்கிக்கொண்டு வருவார்கள். யாருடைய 8 மணி? அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதியும் குவைத்தும் இரண்டரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே 8 என்றால் சிங்கப்பூரில் 10.30, பிள்ளை தூங்கியிருக்கும். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை உண்டு, போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிதான் வேலை செய்யும். "கனெக்ட் ஆகலை" என்ற சாக்குக்கு நீதிமன்றமே இடம் கொடுத்ததாகிவிடும். செயலியின் பெயர், இந்திய நேரம், மாற்று எண், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது வரை உத்தரவிலேயே இருக்கட்டும். தாய் ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நேரம், எடுக்கப்பட்டதா என்று ஒரு நோட்டில் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைக்க வேண்டும். நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்கு அந்த நோட்டுதான் ஆதாரம்.

எத்தனை வருடம் ஆனாலும் கண் வைக்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். அது முடியும்போது தந்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போயே ஆக வேண்டும், தாயின் சம்மதம் பற்றிய கேள்வியும் மறுபடி எழும். முடிவதற்கு ஆறு மாதம் முன்பே நீதிமன்ற உத்தரவின் நகலுடன் அந்தத் தூதரகத்துக்கும் சென்னை மண்டல அலுவலகத்துக்கும் தாய் எழுதிவிட வேண்டும். புதுப்பிக்காதே என்று கேட்பதைவிட, பிள்ளையின் முகவரியும் தாயுடன் பேசும் ஏற்பாடும் பதிவான பிறகு புதுப்பி என்று கேட்பதே பிள்ளைக்கும் நல்லது, அதிகாரியும் இணங்குவார்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மூன்று மாவட்டத்து அனைத்து மகளிர் காவல் நிலையங்களிலும் லுக்அவுட் படிவமும் அதை நிரப்பத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இரவிலும் கையெழுத்து வாங்க வழி வேண்டும். ஆணைக்குழு வழக்கறிஞர் பட்டியலில் இந்த வழக்குகளுக்கென்று இருவரையாவது ஒதுக்க வேண்டும். 21, 23 பிரிவுகளின் கீழான மாதிரி மனுவையும், உத்தரவில் வர வேண்டிய வாசகத்தையும் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு எந்த வேலை நாளில் வரச் சொன்னாலும் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் குடும்ப வழக்குகளுக்கு உதவிவருவோர்