கோலப்போட்டிக்கு நடுவே ஒரு பத்து நிமிடம்

வாக்காளர் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை நடத்தும் தேர்தல் அலுவலர்களுக்கு,

வணக்கம். தேசிய வாக்காளர் நாளான ஜனவரி 25 வந்தால் உறுதிமொழி, பேரணி, கோலப்போட்டி என்று ஒரு நாள் போய்விடுகிறது. குறை சொல்ல வரவில்லை, கோலமெல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் விரலில் மை வைத்துக்கொள்ளும் உரிமை நம் ஊர்ப் பெண்களுக்கு எப்படி வந்தது என்று அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த முறை மார்கரெட் கசின்ஸுக்குப் பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா?

அவர் அயர்லாந்துக்காரர். பெண்களுக்கு ஓட்டு கேட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துச் சிறைக்குப் போனவர். 1915-ல் இந்தியாவுக்கு வந்தார். 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியபோது அன்னி பெசன்ட் தலைவர், ஓடியாடி வேலை பார்த்தவர்களில் இவர் ஒருவர்.

அந்த ஆண்டு இறுதியில் பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த மாண்டேகு சென்னைக்கு வந்தார். பெண்கல்வி பற்றிப் பேச நேரம் கேட்டு கசின்ஸ் எழுதினார். அரசியல் கோரிக்கை என்றால் மட்டுமே சந்திப்பு என்று பதில் வந்தது. சரி, அரசியலே பேசுவோம் என்று மனுவில் வாக்குரிமையைச் சேர்த்துவிட்டார்! எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு மாண்டேகுவைச் சந்தித்தது. அப்புறம் யாருக்கெல்லாம் ஓட்டு என்று ஆராய வந்த சவுத்பரோ குழு, பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்றது. 1919-ன் இந்திய அரசுச் சட்டமோ முடிவை மாகாணங்களின் தலையில் கட்டியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலில் ‘சரி’ என்றது சென்னைதான், 1921-ல்.

தயவுசெய்து இதை எல்லாருக்கும் கிடைத்த ஓட்டு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொத்தும் வரியும் வைத்துத்தான் அப்போது ஓட்டு. வயல்வேலைக்குப் போன பெண்ணுக்கு அதில் இடமில்லை. 1926-ல் தேர்தலில் நிற்கும் உரிமையும் வந்ததும், கசின்ஸ் தூண்ட கமலாதேவி சட்டோபாத்யாய் நின்றார், கொஞ்ச ஓட்டில் தோற்றார். முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகச் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போய்த் துணைத்தலைவரும் ஆனார். 1932-ல் பிரிட்டிஷ் அரசின் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக கசின்ஸ் மறுபடி சிறை சென்றார், இந்த முறை வேலூர்.

1954-ல் அவர் இறந்தார். அதற்குள் வயது வந்த எல்லாருக்குமான முதல் பொதுத்தேர்தல் நடந்து முடிந்துவிட்டது. அதிலும் ஒரு கதை இருக்கிறது, அது உங்கள் துறையின் கதை. சொந்தப் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில், பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். பெயரைக் கேட்டே தீருவது என்று தேர்தல் ஆணையம் அன்று பிடிவாதமாக நின்றது. கடுமைதான், ஆனாலும் சரியென்றே எனக்குப் படுகிறது.

பேச்சாளர் கிடைக்கவில்லையென்றால் பள்ளி மாணவிகளிடம் கொடுங்கள், மாண்டேகு சந்திப்பை நாடகமாகவே போட்டுவிடுவார்கள். கோலப்போட்டியின் முடிவு வரும்வரை எப்படியும் எல்லாரும் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கும் ஒரு வாக்காளர்