அணைத்த விளக்கு அணைந்தே இருக்கட்டும்: ஸ்மார்ட் விளக்கு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்மார்ட் பல்புகளையும் ஸ்விட்சுகளையும் சென்சார்களையும் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கும், வீட்டுச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேச உதவும் ஜிக்பீ, மேட்டர் ஆகிய தரநிலைகளைப் பேணிவரும் கனெக்டிவிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் அலையன்ஸ் அமைப்பின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வீட்டு விளக்குகளில் தானாக இயங்கும் வசதிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகின்றன. அவற்றில் வேண்டாத ஒன்றை நிறுத்துவதோ ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டே வருகிறது. வீட்டில் இருப்பவர் தம் கையால் அணைத்த விளக்கு, அவர் மீண்டும் போடும்வரை அணைந்தே இருக்க வேண்டும். அவர் வேண்டாமென்று நிறுத்திய வசதி, அவர் கேட்காமல் திரும்பி வரக் கூடாது. இந்த இரண்டையும் உங்கள் எல்லாத் தயாரிப்புகளுக்கும் அடிப்படை விதியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

தானியங்கி விளக்குகளே கூடாது என்பது என் கருத்தன்று. நள்ளிரவில் எழுந்து நடக்கும் முதியவருக்கு, காலடி பட்டதும் மங்கலாக எரியும் வழிநடை விளக்கு விழாமல் காக்கும் துணை. ஸ்விட்சுக்குக் கை எட்டாதவருக்கும் எழுந்து நடக்க முடியாதவருக்கும் குரலால் இயங்கும் விளக்கு ஒரு விடுதலை. இத்தகைய நன்மைகளைத் தருகிற பொருள் என்பதால்தான் அதன் குறைகளைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

மின்தடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பலரும் முதலில் திடுக்கிடுவது அங்கேதான். இரவில் செயலி வழியாக எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டுத் தூங்குகிறோம். நடுச்சாமத்தில் மின்சாரம் ஒரு நொடி போய்த் திரும்புகிறது. படுக்கையறை, கூடம், குழந்தை தூங்கும் அறை என்று வீட்டிலுள்ள பல்புகள் அத்தனையும் முழு வெளிச்சத்தில் ஒரே நேரத்தில் எரிகின்றன. இது பழுதால் நேர்வதன்று. அவ்வாறு எரியும்படியே பல்பு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சுவரிலுள்ள சாதாரண ஸ்விட்சைத் தட்டும் ஒருவர் வெளிச்சத்தை எதிர்பார்க்கிறார். ஸ்விட்ச் வழியாக வந்த மின்சாரத்துக்கும் மின்தடை முடிந்து வந்த மின்சாரத்துக்கும் பல்பால் வேறுபாடு காண முடியாது. ஆகவே மின்சாரம் வந்தால் எரி என்று அதற்குக் கற்பித்திருக்கிறீர்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதற்கான தீர்வும் உங்கள் தரநிலையிலேயே இருக்கிறது. மின்சாரம் திரும்பும்போது அணைந்திருப்பதா, எரிவதா, முன்பிருந்த நிலைக்கு நேர்மாறாக மாறுவதா, முன்பிருந்த நிலையிலேயே தொடர்வதா என்று நான்கு தெரிவுகளைத் தரும் 'ஸ்டார்ட்அப் ஆன்ஆஃப்' என்ற பண்பு ஜிக்பீயிலும் உண்டு, மேட்டரிலும் உண்டு. ஒளியளவுக்கும், வெளிச்சம் மஞ்சளா வெண்மையா என்பதைக் குறிக்கும் நிற வெப்பநிலைக்கும் இதேபோலத் தனித்தனிப் பண்புகள் உள்ளன. 2012இல் சந்தைக்கு வந்த பிலிப்ஸ் ஹியூ விளக்குகளுக்கு இந்தத் தெரிவு 2018இன் இறுதியில்தான் மென்பொருள் வழியாக வந்து சேர்ந்தது. தாமதமானாலும் வந்தது, ஏற்கெனவே வாங்கியவர்களில் பலருக்கும் பயன்பட்டது. பல்புக்குள் இந்தத் திறன் இருந்தும் செயலியில் அதைக் காட்டாத நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன என்பதே என் வருத்தம். காட்டுகிறவர்களும் ஒவ்வொரு பல்பாகத் தேடிச் சென்று மாற்ற வைக்கிறார்கள். புதிதாக வாங்கி மாட்டும் பல்பு பழைய வழக்கத்துக்கே போய்விடுகிறது.

முன்பிருந்த நிலையிலேயே தொடரட்டும் என்று வைத்தால் ஒரு சிக்கல் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செயலியால் அணைக்கப்பட்ட பல்பு, சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டாலும் எரியாது. செயலி இல்லாத விருந்தினர் இருட்டில் நிற்பார். ஸ்விட்சை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் எந்நிலையிலும் எரிய வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். பல வைஃபை பல்புகளில் இப்போது இருப்பது இதற்கு முற்றிலும் எதிரான ஏற்பாடு: மின்சாரம் சில முறை விட்டுவிட்டு வந்தால் அதை ரீசெட் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, தன் இணைப்பை மறந்து, புதிய இணைப்புக்குக் காத்திருக்கும் பேரிங் நிலையில் மின்னத் தொடங்கிவிடுகின்றன. மின்சாரம் நிலையாக இல்லாத இடங்களில் வாழ்பவர்களை நினைத்துப் பார்த்திருந்தால் இந்த வடிவமைப்பை யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது அசைவு சென்சார். வீடுகளில் பரவலாக இருக்கும் பிஐஆர் சென்சார், உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரில் ஏற்படும் மாற்றத்தைத்தான் உணர்கிறது. அசையாமல் அமர்ந்திருப்பவர் அதன் கணக்கில் அறையில் இல்லாதவர். புத்தகத்தில் ஆழ்ந்திருக்கும்போது விளக்கு அணைவதும், இருட்டில் கையைத் தூக்கி ஆட்டி நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சென்சாரிடம் மன்றாடுவதும் எத்தனையோ வீடுகளில் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டன. மில்லிமீட்டர் அலை ரேடார் சென்சார்கள் மூச்சின் அசைவைக்கூட உணர்வதால் இந்தக் குறை மெல்லக் குறையலாம். ஆனால் எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறொன்று. குழந்தையைத் தூங்கவைத்த தாய் விளக்கைத் தம் கையால் அணைக்கிறார். திரும்பி நடக்க ஓரடி எடுத்து வைத்ததும் சென்சார் அதை மறுபடி எரியவிடுகிறது. அவர் ஒரு கணத்துக்கு முன் சொன்ன சொல்லுக்கு அங்கே மதிப்பே இல்லை. கையால் அணைத்தது ஒரு முடிவு, சென்சார் கண்டது வெறும் ஊகம். முடிவின் மேல் ஊகம் ஏறி நிற்கலாகாது. கட்டட விளக்கமைப்பில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு முறையில், விளக்கைப் போடுவது மனிதக் கையாகவும், ஆளில்லாதபோது அணைப்பது மட்டும் சென்சாராகவும் இருக்கும். இந்தத் தெரிவை வீட்டுச் செயலிகளிலும் முதல் வரிசையில் வையுங்கள்.

கைப்பேசி வீட்டை விட்டு வெளியேறியதும் விளக்குகளை அணைக்கும் இருப்பிட வசதி, வீட்டிலுள்ள மனிதர்களைக் கைப்பேசிகளாக எண்ணுகிறது. கணக்கு வைத்திருப்பவர் கிளம்பிப் போனதும், கைப்பேசி இல்லாத பாட்டியும் பேரனும் இருளில் விடப்படுகிறார்கள். வீட்டில் வேறு யாரேனும் இருப்பார்களா என்று கேட்காமல் இதை இயக்கிவைக்கும் வழியே இருக்கக் கூடாது.

நேரத்துக்கேற்ப வெளிச்சத்தின் நிறத்தை மாற்றும் வசதிக்கு அறிவியல் பின்னணி உண்டு. விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் நிறமி கொண்ட சில செல்கள் 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்பட்டு, உடலின் உள் கடிகாரத்துக்குப் பகல் எது என்று சொல்கின்றன. மாலையில் மஞ்சள் கூடிய வெளிச்சம் நல்லது என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் இரவில் துணியின் நிறம் பார்த்துத் தைப்பவருக்கும், ஓவியம் தீட்டுபவருக்கும், இரவுப் பணிக்குக் கிளம்புபவருக்கும் அந்த மஞ்சள் வேண்டியதில்லை. ஆப்பிள் 2020இல் ஐஓஎஸ் 14உடன் கொண்டுவந்த தகவமைப்பு வெளிச்சம், பயனர் வேறொரு நிறத்தைக் கையால் தேர்ந்தெடுத்ததும் ஒதுங்கிக்கொள்கிறது. மற்றவர்கள் பின்பற்ற வேண்டிய நல்ல முறை இது. கையால் வைத்த வெண்மையைத் தற்காலிகப் பிழையாகக் கருதிச் சிறிது நேரத்தில் தன் வழிக்கே திரும்பிவிடும் விளக்குகளும் சந்தையில் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்திவிடலாம் என்று உட்கார்ந்தால் உண்மையான தொல்லை அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு விளக்கு மாலையில் தானாக எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் நிறுவனத்தின் செயலியில் உள்ள அட்டவணையாக இருக்கலாம். விளக்குகளை இணைத்து இயக்கும் மையக் கருவியான ஹப்பில் பதிந்த விதியாக இருக்கலாம். குரல் உதவியாளரில் முன்கூட்டியே அமைத்துவைத்த கட்டளைத் தொடரான ரொட்டீனாக இருக்கலாம். கைப்பேசியிலுள்ள ஆட்டோமேஷனாக இருக்கலாம். பல்புக்குள்ளேயே பதிந்த டைமராகவும் இருக்கலாம். குரல் உதவியாளர்கள் நம் வழக்கத்தைக் கவனித்து ஊகிக்கவும் தொடங்கிவிட்டன: அமேசானின் அலெக்சாவுக்கு 2018இல் இந்த ஊகிக்கும் வசதி அறிவிக்கப்பட்டது, 2021இல் ஒவ்வொரு முறையும் கேட்காமலே விளக்கை அணைக்கவும் அதற்கு வழி செய்யப்பட்டது. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் எல்லாம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஹப்பிலோ சர்வரிலோ பதிந்த விதி அதனால் அழிவதில்லை. ஜிக்பீயில் சென்சாரையும் பல்பையும் நேரடியாகப் பிணைத்திருந்தால், ஹப்பையே கழற்றிய பின்னும் அந்தப் பிணைப்பு வேலை செய்துகொண்டிருக்கும்.

2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர், ஒரே சாதனத்தைக் குறைந்தது ஐந்து வெவ்வேறு கட்டுப்பாட்டு அமைப்புகள் ஒரே நேரத்தில் ஆள இடமளிக்கிறது. ஒரு நிறுவனத்தின் வேலிக்குள் சிக்காமல் இருக்க உதவும் நல்ல ஏற்பாடு என்று இதை வரவேற்கிறேன். எந்தெந்த அமைப்புகளுக்கு அந்த விளக்கின் மீது உரிமை உண்டு என்ற பட்டியலையும் சாதனம் வைத்திருக்கிறது. ஆனால் நேற்றிரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டது அவற்றுள் எது என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. எனவே பயனர் ஒவ்வொரு செயலியாகத் திறந்து, ஒவ்வொரு விதியாக நிறுத்தி, மறுநாள் இரவுவரை காத்திருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் கூடத்து விளக்கொன்றை இப்படித் துரத்தியபோது, காரணம் கடைசியில் பழைய கைப்பேசியொன்றில் அமைத்து மறந்துபோன பயண நேர வசதி என்று தெரிந்தது. வீட்டில் ஆள் இருப்பதுபோல் காட்ட விளக்குகளை ஒழுங்கின்றி எரியவிடும் வசதி அது. பயணம் முடிந்து மாதங்கள் கடந்தும் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. முடிவு நாள் கேட்காமல் அத்தகைய ஒன்றைத் தொடங்கவிட்டது வடிவமைப்பின் குறை.

ஒவ்வொரு விளக்கும் தனக்கு வந்த கடைசிச் சில கட்டளைகளை, நேரத்தோடும் அனுப்பியவரின் பெயரோடும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறேன். செயலியில் விளக்கின் பெயரைத் தொட்டதும், இது ஏன் எரிகிறது என்பதற்கு விடையும், அந்த விடைக்குப் பக்கத்திலேயே அதை நிறுத்தும் பொத்தானும் தெரிய வேண்டும். அதற்குத் தேவைப்படும் நினைவகம் மிகச் சிறிது. ஆனால் ஒரு வீட்டில் எப்போது எழுகிறார்கள், எப்போது தூங்குகிறார்கள் என்பதை அந்தப் பதிவேடே காட்டிக்கொடுக்கும் என்பதால், அது வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். உங்கள் சர்வருக்கு வரக் கூடாது.

இதில் வசதிக்குறைவுக்கு அப்பாற்பட்ட ஒன்றும் இருக்கிறது. பிரிந்து சென்ற துணைவர் தொலைவிலிருந்தபடி விளக்குகளையும் பூட்டுகளையும் இயக்கி வீட்டிலிருப்பவரை அச்சுறுத்தும் நிகழ்வுகள் குறைந்தது 2018 முதல் செய்தித்தாள்களில் பதிவாகி வருகின்றன. கணக்கும் கடவுச்சொல்லும் வேறொருவரிடம் இருக்கையில், அந்த அறையில் நிற்பவர் தம் தலைக்கு மேலிருக்கும் விளக்கைக் கட்டுப்படுத்த முடியாத நிலையை நீங்கள் அனுமதிக்கவே கூடாது. செயலி எதுவுமின்றி, ஸ்விட்சையோ ஹப்பையோ சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் எல்லாத் தானியங்கிக் கட்டளைகளும் தொலைக் கட்டளைகளும் நின்று, வெறும் விளக்காக அது மாற வேண்டும். வாடகைக்குக் குடிவந்து, முந்தையவர் விட்டுச்சென்ற விளக்குகளோடு போராடுபவருக்கும் இதுவே வழி.

தானாக அணைவது மின்சாரத்தைச் சேமிக்கிறது, அதனால் அது இயல்பாகவே இயங்கட்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். 9 வாட் எல்இடி பல்பு ஒரு மணி நேரம் எரிந்தால் 9 வாட்-மணி செலவாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2020 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறை, 2021 செப்டம்பர் முதல் இத்தகைய பல்பின் காத்திருப்பு மின்திறனுக்கு 0.5 வாட் என்ற உச்சவரம்பை விதித்துள்ளது. அந்த உச்சத்தில் இயங்கும் பல்பு மீதி 23 மணி நேரமும் கட்டளைக்காகச் சும்மா காத்திருப்பதற்கே 11.5 வாட்-மணி எடுத்துக்கொள்கிறது. சேமிப்பில் அக்கறை இருந்தால் முதலில் அந்தக் காத்திருப்புச் செலவைக் குறையுங்கள். பயனரின் தெரிவைப் பறிப்பதற்கு அதைக் காரணம் காட்ட வேண்டாம்.

சாதனத்துக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப்பிப்புகள் பாதுகாப்புக்கு இன்றியமையாதவை. ஆயினும், புதுப்பித்த மறுநாள் நிறுத்திவைத்திருந்த வசதி மீண்டும் இயங்குவதைக் கண்ட ஒருவர், அடுத்த புதுப்பிப்பைத் தவிர்க்கத்தான் பார்ப்பார். புதிய வசதி எதுவாயினும் நிறுத்திய நிலையிலேயே வந்து சேரட்டும், வேண்டுபவர் இயக்கிக்கொள்வார்.

அலையன்ஸ் அமைப்பிடம் நான் கேட்பது, மின்சாரம் திரும்பும்போதான தெரிவைச் செயலியில் காட்டுவதையும், கட்டளையின் மூலத்தைப் பதிவதையும், கைக் கட்டளைக்கு முன்னுரிமை தருவதையும் சான்றளிப்பின் நிபந்தனைகளாக்க வேண்டும் என்பதே. நிறுவனங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வீடுகளில் எரிந்துகொண்டிருக்கும் பல்புகளில் இவற்றுள் எவற்றை மென்பொருளாலேயே தர முடியும், எவற்றைத் தர முடியாது என்பதை மாடல் வாரியாக வெளியிடுங்கள். தரக்கூடியவற்றை அடுத்த புதுப்பிப்பிலேயே தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விளக்குகளைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பும் ஒரு பயனர்