அம்மிணிக்கு, கால்குலேட்டர் விஷயமா

அம்மிணி,

நேத்து போன்ல பாதி பேச்சுலயே மெஸ் மூடிருவாங்கன்னு ஓடிட்ட, அதான் எழுதறேன். ஸ்டெப் எல்லாம் சரி, ஆன்சர் மட்டும் தப்பு, மார்க் போச்சுன்னியே, அதுக்கு அந்த கேசியோ 991 ஈஎஸ் பிளஸை திட்டி என்ன பிரயோஜனம், நீ அடிச்சதுக்கு அது சரியாத்தான் சொல்லிருக்கு.

நீ சொன்ன கணக்கையே எடுத்துக்கோ, 2எக்ஸ் ஸ்கொயர் = 7எக்ஸ் − 3. மோட் 5, அதான் ஈக்குவேஷன் போடற மோட், போட்டு 3 அழுத்தினா ஏ, பி, சி கேக்கும், அதாவது எக்ஸ் ஸ்கொயர் முன்னாடி இருக்கற நம்பர், எக்ஸ் முன்னாடி இருக்கறது, தனியா நிக்கறது, எல்லாத்தையும் ஒரே பக்கம் கொண்டுவந்து 2, −7, 3ன்னு குடுக்கணும், 3ம் 1/2ம் வரும். அவசரத்துல −7க்கு பதிலா 7 அடிச்சா −1/2, −3ன்னு அதே தைரியத்தோட காட்டும், எர்ரர்னு ஒண்ணும் வராது. அதையே மறுபடி மோட் 5ல போட்டேன் அதேதான் வந்துச்சுங்கற, ஏன் கண்ணு, அதுக்குப் பேரு செக் பண்றதா?

செக் பண்ணணும்னா, கேள்வில இருக்கற மாதிரியே, நீ மாத்தி எழுதினத இல்ல, சாதா கணக்கு போடற மோட் 1ல இடது பக்கத்தை மட்டும் அடி, எக்ஸ் வேணும்னா ஆல்ஃபா அழுத்திட்டு மூடற பிராக்கெட். கால்க் பட்டனை அழுத்தினா எக்ஸ் என்னன்னு கேக்கும், −3 குடுத்தா 18. வலது பக்கத்தையும் அப்படியே பாரு, −24. ஒட்டலைல்ல, அங்கயே மாட்டிக்கும். 3 குடுத்தா ரெண்டு பக்கமும் 18தான்.

கால்க் இல்லாம நேரா நம்பர் வெச்சு அடிச்சா −3ஐ பிராக்கெட்ல போடு, இல்லைனா அது மொதல்ல ஸ்கொயர் பண்ணிட்டு அப்புறம் மைனஸ் போட்டு −9ங்கும். பெருக்கல் குறி விட்டாலும் போட்டாலும் ஒண்ணுன்னு நினைக்காத, 6÷2(1+2)ன்னா 1, நடுவுல × போட்டா 9.

உன் ரூம்மேட் சொல்ற சால்வ் இருக்கே, எக்ஸை அதுவே தேடிக் குடுக்கறது, அதையே நம்பிட்டு இருக்காத. நீங்க கைல போடற அதே நியூட்டன் மெத்தட்தான் உள்ள ஓடுது, ஒரு உத்தேச நம்பர்ல ஆரம்பிச்சு படிப்படியா விடைகிட்ட போகும், எங்க ஆரம்பிக்கறியோ அதுக்குத் தக்கன ஒரே ஒரு விடை குடுக்கும், இந்த கணக்குக்கு 0ல ஆரம்பிச்சா 1/2, 10ல ஆரம்பிச்சா 3. இன்னொரு விடை இருக்குன்னு அது சொல்லவே சொல்லாது. ரெண்டு டிகிரி, மூணு டிகிரிக்கு எல்லாம் மோட் 5தான் எனக்குப் பிடிக்கும்.

சர்வேயிங் பேப்பர் அன்னிக்கு ஹால்ல உக்காந்ததும் சைன் 30 அடி, 0.5 வரணும், −0.988 வந்தா கோணத்தை டிகிரில எடுக்காம ரேடியன்ங்கற வேற அளவுல கெடக்குன்னு அர்த்தம், ஷிஃப்ட் மோட் 3 போட்டா டிகிரிக்கு வந்துரும். யாராச்சும் இரவல் வாங்கிட்டுப் போயி குடுத்தா எதுக்கும் ஷிஃப்ட் 9, 3, = அழுத்தி மொத்தமா ரீசெட் பண்ணிக்கோ.

வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வெச்சுக்கச் சொன்னா உங்கம்மா, அதையும் சொல்லிட்டேன், அப்புறம் என்னைய கேக்காத.

அப்பா