கையேடு அச்சேற இன்னும் 1,550 டாலர்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பிலடெல்பியாவின் பழைய வங்கிக் கட்டடங்களைப் பற்றி நம் வார இறுதித் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கையேடு தயார். 2026 ஜூலை 4, அமெரிக்காவின் 250ஆம் ஆண்டு விழா. அதற்குள் புத்தகம் கைக்கு வர, மே 20க்குள் அச்சகத்துக்கு முழுப் பணமும் கட்டியாக வேண்டும்.

செஸ்ட்நட் தெருவில் இருக்கும் இரண்டாம் அமெரிக்க வங்கியின் முன் நின்று படம் எடுக்காத குடும்பம் நம்மில் உண்டா? ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ளே எந்தச் சாமி?" என்றார். அவர்மேல் தப்பில்லை. ஏதென்ஸின் பார்த்தனன் கோயிலை மனத்தில் வைத்துத்தான் வில்லியம் ஸ்ட்ரிக்லண்ட் அதை வடிவமைத்தார். 1819இல் தொடங்கிய வேலை 1824இல் முடிந்தது. முன்னும் பின்னும் எட்டெட்டு டோரிக் தூண்கள், அதாவது கிரேக்கரின் எளிய, தடித்த தூண்கள். பக்கங்களில் தூணே கிடையாது, ஜன்னல்கள்தான். சாமிக்கு இருட்டு போதும், கணக்குப்பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டுமே! கிரேக்கப் பாணி வேண்டும், ஆனால் எளிமையாக, செலவு குறைவாக என்றுதான் வங்கி இயக்குநர்கள் கேட்டிருந்தார்கள். (நம் குழுவும் அப்படித்தான்.)

1797இல் முடிந்த முதல் அமெரிக்க வங்கிக்கு முகப்பில் மட்டும் பளிங்கு, பக்கச் சுவர்கள் செங்கல். முக்கோண முகட்டில் மரத்தில் செதுக்கிய கழுகு. ஸ்ட்ரிக்லண்டின் குரு பெஞ்சமின் லாட்ரோப், தலையில் சுருள் வைத்த அயோனிக் தூண்களும் தீக்கு அஞ்சாத கல், செங்கல் வளைகூரையுமாக 1801இல் பென்சில்வேனியா வங்கியைக் கட்டி முடித்தார். சீடர் கட்டியது நிற்கிறது. குரு கட்டியதை இடித்துவிட்டார்கள். அதற்காகவே நடுப்பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

500 பிரதிகள் அச்சிட 3,400 டாலர். வரைபடத்துக்கும் படங்களுக்கும் 450. ஆக 3,850. வந்தது 2,300.

சென்ற ஆண்டு முதலில் கைகொடுத்த 23 குடும்பங்களுக்கு எங்கள் நன்றி. பிள்ளைகளைக் காரில் ஏற்றி, மழையிலும் தூண் எண்ண அழைத்துப் போனவர்களுக்கு, எழுத்துப்பிழை திருத்திய பெரியவர்களுக்கு, பொங்கலன்று உண்டியல் குலுக்கிய சிறுவர்களுக்கு, தன் முதல் சம்பளத்தில் 100 டாலர் தந்த முன்னாள் மாணவிக்கு நன்றி சொல்லி மாளாது.

தருவதாகச் சொல்லிவிட்டு மறந்த 9 குடும்பங்களின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களுக்கே தெரியும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். இது சரஸ்வதி காரியம், பாதியில் நிற்கக் கூடாது.

சனிக்கிழமை வகுப்பு வாசலில் பொருளாளர் ரசீது புத்தகத்தோடு இருப்பார். 10 டாலரும் வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
கையேட்டுக் குழு