2024-25 ஆண்டறிக்கை: ஆத்தங்கரையில உதிர்ந்த இலையும் நம்ம பிள்ளைங்களும்

நம்ம ஊர்ச் சங்கத்துத் தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள், பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். தெருவிளக்கு மனு, வாசகசாலை கூரை ரிப்பேர், பொங்கல் விளையாட்டு எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, வரவு செலவு பொருளாளர் வாசிப்பாங்க. இந்த வருஷம் புதுசா ஆரம்பிச்ச ஒரு வேலையைப் பத்தி மட்டும் நான் கொஞ்சம் விரிவா சொல்லிக்கிறேன். நம்ம ஊர் தொடக்கப்பள்ளியில ஒண்ணுலருந்து மூணாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைங்களை தாமிரபரணி கரைக்குக் கூட்டிட்டுப் போய், கீழ கிடக்கிற இலை, பூ, காய், கல்லு வெச்சு தரையிலயே படம் பண்ண வெச்சோம்ல, அதைத்தான் சொல்றேன்.

முதல்ல பெத்தவங்க தயங்கினாங்க, 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவங்க யாருக்கும் ஆத்துப் பக்கம் பிள்ளையை அனுப்ப மனசு வராது, அது நியாயம்தான். அதனால தண்ணிப் பக்கமே போகாம மேட்டுல இருக்கிற மருத மர நிழலோட நிறுத்திக்கிட்டோம், அஞ்சாறு பிள்ளைக்கு ஒரு பெரியவங்க, தலைமையாசிரியர் அனுமதி, பள்ளி மேலாண்மைக் குழு சம்மதம் எல்லாம் வாங்கிட்டுத்தான் போனது.

வெச்ச சட்டம் ஒண்ணே ஒண்ணுதான், உதிர்ந்ததை மட்டும்தான் எடுக்கணும், பறிக்கக் கூடாது, பசை, நூலு, ஜிகினா, தெர்மோகோல் எதுவும் வீட்டுலருந்து கொண்டு வரக் கூடாது. இதுதான் எல்லாத்தையும் மாத்துச்சுன்னு நான் உறுதியா நம்புறேன். பறிக்கலாம்னு விட்டா பிள்ளைங்க கண்ணு கலரா இருக்கிற பூ மேலதான் போகும், உதிர்ந்தது மட்டும்னு சொன்னதும் குனிஞ்சு தரையைப் பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க. மருதங்காய்க்கு அஞ்சு இறக்கை இருக்கு, நுனிப்பக்கமா திருப்பிப் பார்த்தா நட்சத்திரம் மாதிரியே தெரியும், அதைக் கண்டுபிடிச்சது ஒரு ரெண்டாம் வகுப்புப் பிள்ளை, நாங்க யாரும் சொல்லிக் கொடுக்கலை.

எந்த மாசத்துல என்ன கிடைக்கும்னு இப்போ எங்களுக்கே ஒரு கணக்கு வந்துட்டு. ஸ்கூல் திறந்த புதுசுல செங்கோட்டை கணவாய் வழியா வர்ற காத்துல இலை ஒண்ணு நிக்காது, அப்போ கல்லு, கொட்டை, சுள்ளி மட்டும்தான். ஐப்பசி கார்த்திகை மழையில போகலை. தை மாசத்துலருந்து வாதாமரத்து (நாட்டு பாதாம்) இலை சிவந்து விழ ஆரம்பிக்கும், பங்குனியில புங்கம்பூ கொட்டும். வாதா இலையை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு வரிசையா அடுக்கினாங்க, பாதி பச்சை பாதி சிவப்பா இருந்த ஒரு இலையை எங்க வைக்கிறதுன்னு ரெண்டு பேருக்கு ரொம்ப நேரம் சண்டை, கடைசியில பச்சை முனை பச்சைப் பக்கம் சிவப்பு முனை சிவப்புப் பக்கம்னு வரிசைக்கு நடுவுல குறுக்க வெச்சு அவங்களே தீர்த்துக்கிட்டாங்க. சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு அரசு நடத்துற எண்ணும் எழுத்தும் திட்டத்துல வரிசைப்படுத்துறது பிரிக்கிறதுன்னு வகுப்புல சொல்லிக் கொடுக்கிறதெல்லாம் இங்க தானா நடந்துச்சுன்னு டீச்சரே சொன்னாங்க.

ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தின்னு ஒருத்தர், 1956ல இங்கிலாந்துல பிறந்து ஸ்காட்லாந்துல இருக்கிறவர், முள்ளால இலையோட இலையைக் கோத்து, ஐஸ் துண்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெளியிடத்துலயே சிற்பம் பண்ணி போட்டோ எடுத்துட்டு விட்டுட்டு வந்துடுவார். அந்தப் படங்களை பிள்ளைங்களுக்குக் காட்டினோம், கூட வந்த ஒரு ஆச்சி அதைப் பார்த்துட்டு இது நம்ம சாப்பிடத் தைக்கிற தையல் இலைதானேன்னு ஈர்க்குச்சியை ஒடிச்சு காஞ்ச தேக்கிலை ரெண்டை அங்கயே தைச்சுக் காட்டிட்டாங்க. காஞ்ச இலை நொறுங்கும், கொஞ்சம் தண்ணி தெளிச்சு ஈரமாக்கிட்டு ஈர்க்கை சாய்ச்சுக் குத்தணும், இது எங்க யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் ஆச்சிமாரை இன்னும் நிறைய பேர் அழைக்கணும்.

எச்சரிக்கையா இருக்க வேண்டியதும் இருக்கு. எருக்கம்பால் கண்ணுல படக் கூடாது, அரளியில எல்லா பாகமும் விஷம், குன்றிமணி பார்க்க அழகா இருக்கும் ஆனா கடிச்சு மென்னா உயிருக்கே ஆபத்து, பார்த்தீனியம் தொட்டா சில பேருக்கு அரிப்பு வரும். அதனால கூட வர்ற பெரியவங்க முன்னாடியே போய் இடத்தைச் சுத்திப் பார்த்து, ஒரு துண்டு தரையை விளக்குமாறால பெருக்கி வெச்சிடணும், பெருக்கின தரையிலதான் படமும் எடுப்பாத் தெரியும்.

பரிசு கொடுக்கலாம்னு கமிட்டியில பேச்சு வந்துச்சு, நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க, ஆனா வேண்டாம்னு முடிவு பண்ணினோம். பரிசுன்னு வந்தா பெத்தவங்க கை உள்ள வரும், பக்கத்துல இருக்கிற பிள்ளைக்கு நல்ல காயை எடுத்துக் கொடுக்கிற பழக்கம் போயிடும். மறுநாள் போய்ப் பார்த்தா காத்து பாதியைக் கலைச்சிருக்கும், ஒண்ணாம் வகுப்பு பிள்ளைங்களுக்கு முதல் தடவை அழுகை வந்துச்சு, ரெண்டாவது தடவை அதே காயைப் பொறுக்கி வேற படம் போட ஆரம்பிச்சிட்டாங்க.

வர்ற ஜூன்ல மறுபடி ஆரம்பிக்கிறோம். உட்கார பழைய சாக்கு, குடிக்கத் தண்ணி கேன், முதலுதவிப் பெட்டி தேவை, சனிக்கிழமை காலையில வரக்கூடியவங்க பேரை வாசகசாலை நோட்டுல எழுதி வைங்க. பள்ளி ஆசிரியர்களுக்கும், வேலைக்கு லீவு போட்டுட்டு வந்த அம்மாக்களுக்கும் சங்கம் சார்பா மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்