அழி என்றால் அழியட்டும்: பிரவுசர் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரவுசர் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், இரண்டு கம்ப்யூட்டர். குக்கீ என்றால், வந்தவரை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் நம் பிரவுசரில் விட்டுப் போகிற சின்னக் குறிப்பு; உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. முப்பது வயதிருக்கும், ஒரு பெண் வந்தார். முதல் கம்ப்யூட்டரில் அரைமணி நேரம் உட்கார்ந்தார். குழந்தைப்பேறு சிகிச்சைக்கு ஒரு மருத்துவமனையில் எவ்வளவு ஆகும் என்ற விவரத்தை பிரிண்ட் எடுத்தார். தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்த பிறகுதான் காசு கொடுத்தார். நாற்காலி சூடு ஆறுவதற்குள் ஒரு பையன் வந்து அதில் உட்கார்ந்தான், வேலைவாய்ப்புச் செய்தி பார்க்க. பக்கம் திறந்ததும் இரண்டு ஓரத்திலும் கைக்குழந்தைப் படங்கள், கருத்தரிப்பு மைய விளம்பரங்கள்.

“அண்ணே, எனக்கு முன்னாடி யாருண்ணே இங்க உக்காந்தது? விசேஷத்துக்கு ரொம்ப ஏங்குறாங்க போல!”

விளையாட்டாகத்தான் கத்தினான். அந்தப் பெண் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு கடைப் பக்கம் வரவும் இல்லை.

என் மேலும் தப்பு உண்டு. அவர் எழுந்ததுமே அவர் பார்த்த தளங்களின் குக்கீயை நான் துடைத்திருக்க வேண்டும். அன்று இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதைத்தான் செய்ய உட்கார்ந்தேன். செட்டிங்ஸ், அதற்குள் தனியுரிமை, அதற்குள் குக்கீ, அதற்குள் தளத் தரவு. ஒரு வழியாகப் பட்டியல் வந்தது. அந்த மருத்துவமனையின் பெயரைத் தேடி அழித்தேன். விளம்பரம் அசையவில்லை. பிறகுதான் உறைத்தது: பின்தொடர்கிற குக்கீயை வைத்தது மருத்துவமனை அல்ல, அதன் பக்கத்துக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு விளம்பரக் கம்பெனி. அதன் பெயர் எனக்கு எப்படித் தெரியும்? நானும் என் வாடிக்கையாளர்களும் திறந்த தளங்கள் நாற்பது தேறாது. பட்டியலிலோ முந்நூறு பெயருக்கு மேல். பாதிக்கு மேல் வாயில் நுழையாதவை.

குத்துமதிப்பாகச் சிலவற்றை அழித்தேன். பக்கத்தை மறுபடி திறந்ததும் அழித்தவை வந்து உட்கார்ந்தன. சரி, தடுப்போம் என்று தடுக்க வேண்டிய பெயர்களில் ஒன்றைத் தட்டச்சு செய்தேன். மறுநாள் அதே பெயர் முன்னால் வேறொரு சொல்லும் புள்ளியும் சேர்த்துக்கொண்டு வந்தது. அதையும் சேர்த்துத் தடுக்க சதுர அடைப்புக்குறி போட்டு, உள்ளே நட்சத்திரம் போட்டு, புள்ளி வைத்து எழுத வேண்டுமாம். கடைக்கு வந்த ஒரு இன்ஜினியரிங் மாணவர் சொல்லித்தான் தெரிந்தது. ஏற்றுக்கொள்ள ஒரு சொடுக்கு. வேண்டாம் என்று சொல்லக் கல்வெட்டு படிக்கிற மாதிரி ஒரு எழுத்துமுறை!

எல்லாவற்றையும் மொத்தமாக அழிக்க மட்டும் பெரிய பட்டன் இருக்கிறது. அதையும் அழுத்தினேன். காலையில் கரண்ட் பில், பேங்க், சான்றிதழ் விண்ணப்பம் என்று நான் திறந்து வைத்திருந்த கணக்கு அத்தனையும் வெளியே நின்றன. ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்டு, ஒவ்வொன்றுக்கும் ஓடிபி. வாசலில் ஏழு பேர் காத்திருந்தார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்து என்கிறீர்கள்.

மூடியதும் குக்கீ எல்லாம் தானாக அழிகிற மறைநிலை விண்டோ இருக்கிறதே என்பீர்கள். இப்போது எல்லோருக்கும் அதைத்தான் திறந்து கொடுக்கிறேன். கை தவறி அதை மூடிவிட்டால், போட்டோவும் கையெழுத்தும் ஏற்றிப் பாதி நிரப்பிய தேர்வு விண்ணப்பம் போச்சு. திட்டு எனக்குத்தான் விழுகிறது, உங்களுக்கு அல்ல.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். முகவரிக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டன் வையுங்கள். அழுத்தினால், இந்தப் பக்கத்தில் யார் யார் குக்கீ வைத்திருக்கிறார்கள் என்று கம்பெனிப் பெயரோடு தெரிய வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘அழி, இனி வாங்காதே’ என்று இருக்க வேண்டும். அழித்தது திரும்பி வரக்கூடாது.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் லூ மொன்டுலி என்ற இன்ஜினியர் குக்கீயை உருவாக்கியது, வந்தவரைத் தளம் நினைவில் வைத்துக்கொள்ள. ஊர் முழுக்கப் பின்னால் போக அல்ல. நாம் திறந்த தளம் அல்லாமல் அதற்குள் உட்கார்ந்திருக்கும் வேறு கம்பெனி வைக்கிற மூன்றாம் தரப்புக் குக்கீயை, ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 மார்ச்சிலேயே முழுதாக நிறுத்தியது. ஃபயர்பாக்ஸ் பிரவுசர் 2022இல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடியது. கூகுள் 2020 ஜனவரியில், தன் குரோம் பிரவுசரில் மூன்றாம் தரப்புக் குக்கீயை இரண்டே ஆண்டில் ஒழிப்போம் என்றது. பிறகு 2023 என்றது, பிறகு 2024 என்றது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. எங்கள் ஊர் தரைப்பாலத்துக்குக்கூட யாரும் இத்தனை வாய்தா வாங்கியதில்லை. ஏற்பது எளிது, மறுப்பது கடினம் என்று வைத்ததற்காக பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டதை 2022 ஜனவரியில் அறிவித்தது. நம் நாட்டிலும் 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அது தளங்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை என்று உங்கள் வக்கீல் சொல்வார். சொல்லட்டும். நீங்கள் கடைபிடித்தால் வக்கீல் கோபித்துக்கொள்ளவா போகிறார்?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் பிரவுசர் இல்லாமல் என் கடை ஒரு நாள்கூட ஓடாது, அதற்குக் காசும் நீங்கள் வாங்குவதில்லை. தெரியும். தயவுசெய்து அந்த ஒரு பட்டனைக் கொடுங்கள். அழி என்றால் அழிய வேண்டும், வாங்காதே என்றால் வாங்கக்கூடாது. அதில் எழுதும் தமிழ், வரிசையில் நிற்கிறவருக்குப் புரிகிற தமிழாகவும் இருக்கட்டும்.

பதில் போட நேரம் இருந்தால் ஒரு மனிதரை விட்டு எழுதச் சொல்லுங்கள். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று தானாக வந்த மெயில் ஏற்கெனவே இரண்டு என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்